ஆப்டிமைஸ்ட் அவுட்: பெயர் போன வேரியபிளைத் தேடுவது

சர்வரில் ஓடுகிற ஒரு ப்ரோகிராம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செத்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம மெஷினில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. கையில் இருப்பது அது விழுந்த கணத்தில் எழுதப்பட்ட ஒரு கோர் ஃபைல் மட்டும். அதை ஜிடிபியில் திறந்து, சந்தேகப்படுகிற வேரியபிளின் பெயரைக் கொடுத்தால் "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்கிறது. இன்னொரு பெயரைக் கொடுத்தால் "நோ சிம்பல் இன் கரன்ட் கான்டெக்ஸ்ட்" என்கிறது. இந்த இடத்தில் பலரும் கோர் ஃபைலை மூடிவிட்டு, நாலு லாக் வரிகளைச் சேர்த்து, அடுத்த இரண்டு வாரம் காத்திருக்கப் போய்விடுவார்கள்.

அந்தக் காத்திருப்பு பல நேரம் தேவையே இல்லை. விழுந்த கணத்தில் இருந்த ரெஜிஸ்டர்கள், ஸ்டாக், ஹீப் எல்லாம் கோர் ஃபைலில் இருக்கின்றன. நாம் தேடும் மதிப்பும் அதற்குள்ளேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "இந்தப் பெயருக்குரிய மதிப்பு இங்கே இருக்கிறது, அதன் டைப் இது" என்று சொல்லும் குறிப்புதான் இல்லை. அந்தக் குறிப்பு இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

நான் எடுத்துக்கொள்வது 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி மெஷினில் லினக்ஸ், சி மொழி, ஜிசிசி கம்பைலர், ஜிடிபி. ரெஜிஸ்டர் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

மூன்று செய்திகள், மூன்று நிலைமைகள்

கம்பைல் ஆன ஒரு ஃபைலில் நமக்கு உதவக்கூடிய மூன்று வகைத் தகவல்கள் இருக்கலாம்.

முதலாவது சிம்பல் டேபிள். ஃபங்ஷன்கள், குளோபல் வேரியபிள்கள் ஆகியவற்றின் பெயரும் முகவரியும் இதில் இருக்கும். டைப் இருக்காது. லோக்கல் வேரியபிள் ஒன்றுகூட இருக்காது.

இரண்டாவது ட்வார்ஃப். கம்பைல் செய்யும்போது ஜி ஆப்ஷன் கொடுத்தால் வருவது. 1980களின் கடைசியில் பெல் லேப்ஸில், யூனிக்ஸ் சிஸ்டம் 5 ரிலீஸ் 4 காலத்தில் பிறந்த வடிவம் இது. ஐந்தாம் பதிப்பு 2017இல் வந்தது. ஒவ்வொரு வேரியபிளின் டைப், அது இருக்கும் இடம், எந்த வரி எந்த முகவரி என்பதெல்லாம் இதில்தான்.

மூன்றாவது, பலர் கவனிக்காத ஈஎச் ஃப்ரேம். ஒரு ஃபங்ஷனுக்குள்ளிருந்து அதைக் கூப்பிட்டவரிடம் திரும்புவது எப்படி, எந்த ரெஜிஸ்டர் ஸ்டாக்கில் எங்கே சேமிக்கப்பட்டது என்பது இதில் இருக்கும். ஸ்ட்ரிப் கட்டளை முதல் இரண்டையும் எடுத்துவிடும், இதை எடுக்காது. அதனால்தான் ஸ்ட்ரிப் செய்த ஃபைலிலும் பேக்ட்ரேஸ் பெரும்பாலும் வந்துவிடுகிறது. பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது ஜிடிபியின் செய்திகளைப் படித்துப் பாருங்கள். "நோ சிம்பல்" என்றால் அந்தப் பெயரே ஜிடிபிக்குத் தெரியாது. லோக்கல் வேரியபிள் என்றால் ட்வார்ஃப் இல்லை என்று அர்த்தம். "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்றால் ட்வார்ஃப் இருக்கிறது, பெயரும் டைப்பும் தெரியும். ஆனால் இந்தக் கட்டளை ஓடும் இடத்தில் மதிப்பு எங்கே என்று கம்பைலர் எழுதி வைக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு: "ஹேஸ் அன்நோன் டைப், காஸ்ட் இட் டு இட்ஸ் டிக்ளேர்ட் டைப்". முகவரி தெரியும், டைப் தெரியாது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எளிதானது: டைப் தெரியாத குளோபல்

மூன்றாவது செய்தியிலிருந்து ஆரம்பிக்கலாம். வேரியபிளின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் அதன் டைப்பைக் கொடுத்தால் வேலை முடிந்தது. டபுள் என்றால் டபுள், பாயின்ட்டர் என்றால் பாயின்ட்டர்.

இந்தச் செய்தி வந்த கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த ஜிடிபி 8.1க்கு முன்னால் இப்படிக் கேட்கவே கேட்காது. டைப் தெரியாவிட்டால் இன்ட் என்று தானே வைத்துக்கொண்டு ஒரு எண்ணைக் காட்டிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமில் கெட்என்வ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஹோம் டைரக்டரியைக் கேட்டால், திரும்ப வருவது 64 பிட் பாயின்ட்டர். ஜிடிபி அதில் பாதியை வெட்டி 32 பிட் இன்ட்டாகக் காட்டும். பார்ப்பவருக்கு அது ஒரு எண் மாதிரியே இருக்கும். இப்போது "தெரியாது, நீயே சொல்" என்கிறது. பயன்படுத்துபவருக்கு ஒரு வேலை கூடியது. பொய் மதிப்பு குறைந்தது. டீபக்கிங்கில் மதிப்பு கிடைக்காமல் போவதைவிடத் தப்பான மதிப்பு கிடைப்பதுதான் ஆபத்து. இல்லை என்று தெரிந்தால் வேறு வழி தேடுவோம். தப்பானது கிடைத்தால் அதை நம்பித் தப்பான இடத்தைத் திருத்தப் போய்விடுவோம்.

இனி ஒரு உதாரணம்

ஆர்டர் என்று ஒரு ஸ்ட்ரக்ட். அதில் வரிசையாக மூன்று உறுப்புகள்: ஐடி என்ற இன்ட், அமவுன்ட் என்ற டபுள், நேம் என்ற கேரக்டர் பாயின்ட்டர். ஐடி 4 பைட். அடுத்து வரும் டபுள் 8இன் மடங்கில் உட்கார வேண்டும் என்பதால் 4 பைட் காலி. ஆக ஐடி 0இல், அமவுன்ட் 8இல், நேம் 16இல், மொத்தம் 24 பைட்.

டோட்டல் என்று ஒரு ஃபங்ஷன். லிஸ்ட் என்ற ஆர்டர் வரிசையையும், என் என்ற எண்ணிக்கையையும் வாங்கி, ஐ என்ற வேரியபிளால் லூப் ஓட்டி, ஒவ்வொரு ஆர்டருக்கும் செக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது தரும் டபுளை சம் என்ற வேரியபிளில் கூட்டுகிறது. செக் வேறொரு சி ஃபைலில் இருக்கிறது. ஓ என்ற பாயின்ட்டரை வாங்கி, நேமின் முதல் எழுத்தைப் பார்க்கிறது. ஓ2 ஆப்டிமைசேஷனில் கம்பைல் செய்தது, ஜி ஆப்ஷன் இல்லை. செக்குக்குள் செக்மென்டேஷன் ஃபால்ட்.

லோக்கல் வேரியபிள் ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஆனால் நமக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. லினக்ஸ் பின்பற்றும் சிஸ்டம் வி ஏபிஐ சொல்வது: முதல் ஆறு முழு எண் அல்லது பாயின்ட்டர் ஆர்குமென்ட்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் வரும். டபுள்கள் எக்ஸ்எம்எம்0 முதல் எக்ஸ்எம்எம்7 வரை. திரும்பத் தருவது ஆர்ஏஎக்ஸ் அல்லது எக்ஸ்எம்எம்0. ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை உள்ளவற்றை ஒரு ஃபங்ஷன் தொட்டால், திரும்பும் முன் பழைய மதிப்பை வைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றதெல்லாம் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் அழிக்கலாம்.

செக்கை டிஸ்அசெம்பிள் செய்தால் முதல் இரண்டு கட்டளைகள் இவை: ஆர்டிஐ காட்டும் இடத்திலிருந்து 16 பைட் தள்ளி இருப்பதை ஆர்ஏஎக்ஸில் எடு, ஆர்ஏஎக்ஸ் காட்டும் இடத்திலிருந்து ஒரு பைட் படி. இரண்டாவதில் விழுந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்து விழுந்த இடம் வரை ஆர்டிஐயை யாரும் மாற்றவில்லை. எனவே ஆர்டிஐ தான் ஓ, ஆர்ஏஎக்ஸ் தான் நேம். இங்கே ஊகம் ஏதும் இல்லை.

ஆர்ஏஎக்ஸின் மதிப்பை ஹெக்ஸில் பார்த்தால்: 35 30 31 31 33 32 30 32. பாயின்ட்டர் இப்படி இருக்காது. லினக்ஸில் சாதாரண ப்ரோகிராமின் முகவரிகளில் மேல் இரண்டு பைட் பூஜ்ஜியமாக இருக்கும். 30 முதல் 39 வரை உள்ள ஹெக்ஸ் மதிப்புகள் ஆஸ்கியில் 0 முதல் 9 வரையுள்ள எழுத்துகள். இன்டெல் மெஷின் கடைசி பைட்டை முதலில் வைப்பதால் வலமிருந்து இடமாகப் படியுங்கள்: 20231105. ஒரு தேதி! பாயின்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தேதியை எழுதியிருக்கிறார்கள்.

கூப்பிட்டவரின் ஃப்ரேமில் ஒரு பொறி

இது எத்தனையாவது ஆர்டர்? ஐ என்ற வேரியபிள் டோட்டலில் இருக்கிறது. ஃப்ரேம் 1 என்று மேலே போகிறோம். டோட்டலின் முதல் ஆர்குமென்ட் லிஸ்ட், அது ஆர்டிஐயில் வந்தது, எனவே இப்போது ஆர்டிஐயைக் கேட்டால் லிஸ்ட் கிடைக்கும் என்று தோன்றும். ஜிடிபியும் மறுக்காமல் ஒரு மதிப்பைக் காட்டும். அது டோட்டலின் ஆர்டிஐ அல்ல. செக்குக்குள் இருக்கும் அதே ஆர்டிஐ. பொது ரெஜிஸ்டர்களின் பழைய மதிப்பை யாரும் சேமிக்கவில்லை என்பதால், உள் ஃப்ரேமில் இருப்பதையே ஜிடிபி மேலேயும் காட்டிவிடுகிறது. அதை லிஸ்ட் என்று நம்பினால், ஓவும் லிஸ்ட்டும் ஒன்றாக இருக்கிறதே, அப்படியானால் முதல் ஆர்டரிலேயே விழுந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

விதி இதுதான்: மேல் ஃப்ரேமில் நம்பக்கூடியவை ஆர்ஐபி, ஆர்எஸ்பி, பிறகு சேமித்துத் தர வேண்டிய அந்த ஆறு ரெஜிஸ்டர்கள். மற்றவற்றை அங்கே பார்க்கவே வேண்டாம்.

அந்த ஆறில் என்ன இருக்கிறது என்று டோட்டலின் அசெம்பிளி சொல்லும். லூப்பில் ஐ என்று எதுவும் ஓடவில்லை. ஆர்பிஎக்ஸில் ஓடும் பாயின்ட்டர், ஆர்பிபியில் வரிசையின் முடிவு. ஒவ்வொரு சுற்றிலும் ஆர்பிஎக்ஸ் 24 கூடுகிறது; ஆர்பிபியைத் தொட்டதும் நின்றுவிடும். ஐயை 24ஆல் பெருக்குவதைவிட 24ஐக் கூட்டிக்கொண்டே போவது மலிவு என்பதால் கம்பைலர் ஐயைத் தூக்கிவிட்டது. இங்கே ட்வார்ஃப் இருந்திருந்தாலும் "ஆப்டிமைஸ்ட் அவுட்" வந்திருக்கலாம். அது உண்மையும்கூட: ஐ எங்கேயும் இல்லை.

இல்லாததைக் கணக்குப் போடலாம். ஆர்பிபி கழித்தல் ஆர்பிஎக்ஸ் 312 என்று வைத்துக்கொள்வோம். 24ஆல் வகுத்தால் 13. இந்த ஆர்டரையும் சேர்த்து இன்னும் 13 பாக்கி. என் 40 என்றால் ஐ 27. ஆனால் ஒரு நிமிஷம். கம்பைலர் பல நேரம் செக்கைக் கூப்பிடும் முன்னாலேயே ஆர்பிஎக்ஸில் 24ஐக் கூட்டிவிடும். அப்படிச் செய்திருந்தால் 13 என்பது இதற்கு அடுத்ததிலிருந்து, ஐ 26 ஆகிவிடும். சரிபார்க்க ஓ இருக்கிறது: செக்கின் ஆர்டிஐயும் ஆர்பிஎக்ஸும் சமமாக இருந்தால் இன்னும் கூட்டவில்லை, 24 வித்தியாசம் இருந்தால் கூட்டியாகிவிட்டது. இங்கே சமம். ஐ 27 தான்.

என் 40 என்று எப்படித் தெரியும்? லிஸ்ட் போலவே அதுவும் டோட்டலில் இப்போது இல்லை. ஆனால் டோட்டலைக் கூப்பிட்டவர் லிஸ்ட்டைப் பிறகு ஃப்ரீ செய்ய வேண்டும், அதனால் எங்காவது வைத்திருப்பார். அவருடைய ஆர்பிஎக்ஸில் வைத்திருந்தால், அதை டோட்டல் நுழையும்போதே ஸ்டாக்கில் தள்ளியிருக்கும். ஃப்ரேம் 2க்குப் போய் ஆர்பிஎக்ஸைக் கேட்டால், ஈஎச் ஃப்ரேமின் உதவியால் ஜிடிபி அதை எடுத்துத் தரும். அந்த லிஸ்ட்டை ஆர்பிபியிலிருந்து கழித்தால் 960, அதாவது 40 ஆர்டர். ஓவிலிருந்து கழித்தால் 648, அதாவது 27. இரண்டு வழியில் ஒரே விடை. இன்ட்டை ரெஜிஸ்டரில் படிக்க நேர்ந்தால் கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டும் படியுங்கள். மேல்பாதியில் குப்பை இருக்க ஏபிஐ அனுமதிக்கிறது.

சம் எங்கே? இதற்கு ஏபிஐயே விடை சொல்கிறது. எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களில் ஒன்றுகூடச் சேமித்துத் தரப்படும் பட்டியலில் இல்லை. செக்கைக் கூப்பிடும்போது சம் ரெஜிஸ்டரில் இருந்தால் அழிந்துபோகலாம். எனவே கம்பைலர் அதை ஸ்டாக்கில் வைத்தே ஆக வேண்டும். அசெம்பிளியில் ஆர்எஸ்பியிலிருந்து 8 பைட் தள்ளி எழுதுவது தெரிகிறது. ஃப்ரேம் 1இல் அந்த முகவரியை டபுள் பாயின்ட்டராக மாற்றிப் படித்தால், முதல் 27 ஆர்டர்களின் கூட்டுத்தொகை.

டைப்பைக் கையோடு கொண்டுபோவது

ஒவ்வொரு முறையும் 8, 16 என்று எண்ணிக்கொண்டிருப்பது சின்ன ஸ்ட்ரக்டுக்குச் சரி. நாற்பது உறுப்பு இருந்தால் கண் சோர்ந்துவிடும். அதற்கு ஒரு வழி: ஆர்டர் ஸ்ட்ரக்ட் இருக்கும் ஹெட்டரை மட்டும் சேர்த்து ஒரு சின்ன சி ஃபைல் எழுதுங்கள். அந்த டைப்பில் ஒரு வேரியபிளையும் வையுங்கள். பயன்படாத டைப்பை ஜிசிசி எழுதாமல் விட்டுவிடும். ஜி ஆப்ஷனோடு கம்பைல் செய்து, வரும் ஆப்ஜெக்ட் ஃபைலை ஆட் சிம்பல் ஃபைல் கட்டளையால் ஜிடிபிக்குள் ஏற்றுங்கள். இனி ஆர்டிஐயை ஆர்டர் பாயின்ட்டராக மாற்றிக் காட்டச் சொன்னால், உறுப்புப் பெயர்களோடு அழகாக வரும். ஹெட்டர் அதே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். நடுவில் ஓர் உறுப்பு கூடியிருந்தால் எல்லாம் தள்ளிப்போகும், ஜிடிபி எச்சரிக்காது.

அப்படிக் காட்டச் சொன்னால் 27இன் ஐடி 5027, அமவுன்ட்டும் நியாயமான தொகை. முன்னால் இருந்து ஏதாவது வழிந்து வந்திருந்தால் இவையும் எழுத்தாகியிருக்கும். ஆகவே நேரடியாக நேமின் மேல்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆர்டரைப் பாருங்கள். ஐடிகள் வரிசையாக வருபவை, 5028 இருக்க வேண்டும், இருப்பது 4864. ஹெக்ஸில் 5028 என்பது 13 ஏ4. 4864 என்பது 13 00. கடைசி பைட் மட்டும் பூஜ்ஜியமாகியிருக்கிறது. எட்டு எழுத்துத் தேதி, ஒன்பதாவதாக ஒரு பூஜ்ஜியம்: எஸ்டிஆர்காப்பி விட்டுச்செல்லும் தடம் இது. நேம் காட்டும் இடத்துக்குப் பதிலாக நேமின் முகவரிக்கே காப்பி செய்யும் வரியைக் கோடில் தேட வேண்டும். லோக்கல் வேரியபிள் ஒன்றின் பெயர்கூட இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

ஒப்பந்தம் மீறப்படும் இடங்கள்

ஏபிஐ என்பது வெளியே தெரியும் ஃபங்ஷன்களுக்குத்தான் கட்டாயம். செக் வேறு ஃபைலில் இருந்ததால் நம்பினோம். ஒரே ஃபைலுக்குள் இருக்கும் ஸ்டேட்டிக் ஃபங்ஷனின் ஆர்குமென்ட்களை ஜிசிசி தன் இஷ்டத்துக்கு மாற்றலாம். பாயின்ட்டருக்குப் பதில் அது காட்டும் மதிப்பை அனுப்பலாம், எப்போதும் ஒரே எண் வருகிற ஆர்குமென்ட்டை நீக்கலாம். சிம்பல் பெயரின் வாலில் ஐஎஸ்ஆர்ஏ, கான்ஸ்ட்ப்ராப் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அப்போது ஆர்டிஐ முதல் ஆர்குமென்ட் என்று சொல்ல முடியாது. கூப்பிடும் இடத்தின் அசெம்பிளியைப் பார்த்தே ஆக வேண்டும். இன்லைன் ஆன ஃபங்ஷனுக்கு ஃப்ரேமே கிடையாது.

அதனால் நான் ஒரு தாளில் ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்று எழுதிக்கொள்கிறேன். "விழுந்த இடத்தின் ரெஜிஸ்டர், நடுவில் மாறவில்லை" என்றால் உறுதி. "இரண்டு வழியில் கணக்கிட்டது, பொருந்துகிறது" என்றால் கிட்டத்தட்ட உறுதி. "இந்த இடத்தில் இருக்கலாம்" என்றால் ஊகம். ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தைக் கட்டுவதில்லை.

அடுத்த முறைக்கு

இத்தனை பாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ட்வார்ஃப் நிஜமாகவே இல்லையா என்று பாருங்கள். பெரும்பாலான லினக்ஸ் ஃபைல்களில் பில்ட் ஐடி என்று ஓர் அடையாளம் இருக்கிறது, பொதுவாக 20 பைட். அதைக் கொடுத்தால் உரிய ட்வார்ஃபைத் தரும் டீபக்இன்ஃபோடி சர்வர்களை ஃபெடோரா, டெபியன், உபுன்டு, ஆர்ச் எல்லாம் நடத்துகின்றன. 2019இல் எல்ஃப்யூட்டில்ஸோடு வந்த வசதி. ஜிடிபி 10 முதல் தானாகவே கேட்டு வாங்கும். டிஸ்ட்ரோ தரும் லைப்ரரிக்குள் விழுந்திருந்தால் இதுவே போதும்.

நம்ம சொந்த ப்ரோகிராமுக்கு: ஓ2வோடு ஜியையும் சேர்த்தே கம்பைல் செய்யுங்கள். இரண்டும் சேரக்கூடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஜி ஆப்ஷனால் ஓடும் கோடு மாறக்கூடாது என்பது ஜிசிசியின் கொள்கை. ஃபைல் பெரிதாகும், அவ்வளவுதான். ஆப்ஜ்காப்பியால் ட்வார்ஃபைத் தனி ஃபைலாகப் பிரித்து நம்மிடம் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரிப் செய்ததை அனுப்பலாம். ஒவ்வொரு ரிலீஸுக்கும் அந்தத் தனி ஃபைலைப் பத்திரமாக வையுங்கள்.

அப்போதும் "ஆப்டிமைஸ்ட் அவுட்" வரும். குறையும், ஆனால் நிற்காது. ஐ மாதிரி நிஜமாகவே இல்லாமல் போன வேரியபிள்கள் எப்போதும் இருக்கும். அந்த நேரத்தில் டிஸ்அசெம்பிளைத் திறந்து, விழுந்த கட்டளையிலிருந்து பின்னோக்கி, ஒரு ரெஜிஸ்டருக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று படியுங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டு வாரக் காத்திருப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.